கல்லுக்குழித் தண்ணீரும் டியூப் காற்றும்

தண்ணீருக்கடியில் மூச்சுவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் முதலில் கெட்ட ருசிக்குப் பழக வேண்டும். லாரி டியூபில் அடைத்த காற்றில் ரப்பர் நாற்றம் இருக்கும். டியூப் ஒட்டிக்கொள்ளாமலிருக்க உள்ளே தூவும் வெள்ளைப் பவுடரும் காற்றோடு வந்து நாக்கில் படியும். அந்தக் காற்றைக் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு மேலே வந்தால் குடிக்கிற டீயும் ரப்பராகத்தான் இருக்கும். இன்றைக்கும் எனக்கு டயர்க் கடை வாசலில் நிற்கப் பிடிக்காது.

எழுபதுகளின் தொடக்கத்தில் தொப்பூர்க் கணவாயில், ரோட்டோரமாக எங்கள் பஞ்சர் கடை இருந்தது. அப்பா செத்த பிறகு அண்ணன் முதலாளி ஆனான். அவனைப் பொறுத்தவரை தம்பி என்றால் வேலைக்காரன், அதிலும் எதிர்த்துப் பேசாத வேலைக்காரன். எனக்கு அப்போது மீசை அரும்பி முடிந்து கல்யாணப் பேச்சு வரும் வயசு. எதிர்த்துப் பேசத் தெரியும். பேசினால் சோறு நிற்கும் என்பதும் தெரியும்.

அவனிடம் ஒரு கைத்திறமை இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். பழைய டியூபை நீளநீளமாக வார் கிழித்து, எதை வேண்டுமானாலும் கட்டுவான். உடைந்த ஸ்பிரிங் பட்டையைக் கட்டுவான், ஆடுகிற மட்கார்டைக் கட்டுவான், படுதாவைக் கட்டுவான். வாரை இரண்டு சுற்று சுற்றி, நுனியைத் திருப்பி உள்ளே விட்டு, ஒரு காலை வைத்து அழுத்தி இழுப்பான். அந்த முடிச்சு அவனுக்கு மட்டும் வரும். எனக்கே வராது. கட்டி முடித்ததும் கையைத் தட்டிக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொல்வான்.

"ஆண்டவனே வந்தாலும் அவுறாதுங்க."

கடைக்குப் பின்னால் சரிவில் இறங்கினால் கல்லுக்குழி. ரோட்டை அகலமாக்கக் கல் வெட்டிய பள்ளம் அது. வெட்டி முடித்தவர்கள் போய்விட்டார்கள், ஊற்றும் மழையும் சேர்ந்து நிரப்பிவிட்டன. புதிதாகத் தண்ணீரில் இறங்குகிறவனுக்கு அதைவிடச் சவுகரியமான இடம் நான் பார்த்ததில்லை. கல் ஏற்றின லாரிகள் இறங்கிய பாதை அப்படியே சரிவாகத் தண்ணீருக்குள் போகும். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று நடந்தே போகலாம். அப்புறம் களம் மாதிரி அகலமான ஒரு பாறைப் படி. அது முடிந்தால் இரண்டு ஆள் ஆழத்துக்கும் கூடுதலாக இன்னொரு படி. இழுப்பு கிடையாது, சுழி கிடையாது, காலை மாட்டிவைக்கச் சேறு கிடையாது. இரண்டாவது படியின் விளிம்பைத் தாண்டினால் மட்டும் குழி செங்குத்தாக இறங்கும். அங்கே கறுப்புதான். அதன் அடியை யாரும் தொட்டதில்லை.

லாரிக்காரர்கள் வந்து சோப்புப் போடுவதற்கு முன்னால், காலையில், தண்ணீர் கண்ணாடி. இரண்டாவது படியில் உட்கார்ந்து மேலே பார்த்தால் கரைப் புளியமரத்தின் இலை அசைவது தெரியும். பத்து மணிக்கு மேல் பால் கலந்தது போலாகிவிடும். மழை பெய்தால் மலைச் செம்மண் இறங்கி ஒரு வாரத்துக்கு உன் கையே உனக்குத் தெரியாது. மேல் தண்ணீர் வெதுவெதுப்பு. இரண்டாவது படிக்கு இறங்கும்போது ஒரு கோடு போட்டதுபோல் சில்லென்று மாறும். அந்த இடத்தில் காது வலிக்கும். மூக்கைப் பிடித்து ஊதினால் டப்பென்று திறந்துகொள்ளும். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, வலித்து வலித்துத் தெரிந்துகொண்டது.

சாமான்கள் எல்லாம் கடையில் கிடந்தவைதான். டியூபை வளையமாக வெட்டி, ஜன்னல் கண்ணாடித் துண்டைச் சொலூசன் போட்டு ஒட்டி, கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாதிரி நான் ஒன்று செய்திருந்தேன். கரையில் காற்றடைத்த டியூப் கிடக்கும். அதிலிருந்து நீளமான ரப்பர் பைப் வந்து என் வாயில் முடியும். டியூபின் வாயருகே பைப்பை மடித்துப் பிடித்தபடி அண்ணன் உட்காருவான். மடிப்பைத் தளர்த்தினால் எனக்குக் காற்று வரும், இறுக்கினால் நிற்கும். என் இடுப்பில் மிதக்காமலிருக்கக் கல் நிரப்பின ஒரு பை, ஒரு கயிறு. ஒருமுறை இழுத்தால் காற்று விடு, இருமுறை இழுத்தால் மேலே தூக்கு. குளிக்கிறவர்கள் தவறவிட்ட ஜாக்கி, லீவர், வாளி எல்லாவற்றையும் நான் எடுத்துக் கொடுப்பேன், அண்ணன் கடையில் வைத்துக்கொள்வான். யாராவது தேடிக்கொண்டு வந்தால், "எங்களுக்கு என்னங்க தெரியும்" என்பான்.

உள்ளே உயிருக்குப் பஞ்சமில்லை. ஜிலேபிக் கெண்டை கூட்டம் கூட்டமாக வந்து காலில் கொத்தும். பாறை இடுக்கில் நண்டு. நிழலில் கெளுத்தி, தொட்டால் முள் ஏறி இரண்டு நாள் கை வீங்கும். தண்ணீர்ப் பாம்புகள் தம் பாட்டுக்குப் போகும். ஓர் ஆமை இருந்தது, என்னைப் பார்த்துப் பயப்படாது, நானும் அதை அண்ணனிடம் சொல்லவில்லை, சொன்னால் அன்றைக்கே குழம்பு. நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு விரால் ஜோடியை. செக்கச்செவேலென்று குஞ்சுகள் ஒரு பந்தாகத் திரியும், கீழே தாயும் தகப்பனும் காவலுக்குச் சுற்றும். நான் கிட்டே போனால் தகப்பன் விரால் என் கண்ணாடியில் வந்து முட்டும். அந்தத் தைரியம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மேலே வந்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். மறுநாள் அண்ணன் குடைக்கம்பியைத் தீட்டிக் கொடுத்து என்னை அனுப்பினான். எடுக்காமல் வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளேயே இருக்கட்டும் என்று கயிற்றைத் தூக்க மாட்டான். இரண்டையும் குத்திக் கொண்டுவந்தேன். குஞ்சுப் பந்தை ஜிலேபிகள் அந்தக் கணமே தின்று தீர்த்துவிட்டன. செம்பொட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அந்தக் கோடையில் ஒருநாள் விடியும் நேரத்தில் பெரிய சத்தம் கேட்டு எழுந்தேன். முந்தின நாள் தர்மபுரிக்குப் போய்ச் சொலூசன் டப்பா வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் திரும்பி, டயர்க் குவியல்மேல் செத்தவன்போல் தூங்கியிருந்தேன். வெளியே வந்தால் அண்ணன் ஏற்கெனவே வாசலில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் விரல்களில் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருந்தது. இத்தனை விடியலில் என்ன வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

கடையைத் தாண்டின முதல் வளைவில், இறக்கத்தில் வந்த ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் நேராகக் கல்லுக்குழியில் விழுந்திருந்தது. டிரைவர் குதித்துவிட்டான். மண்டையில் ரத்தம் ஒழுக டீக்கடையில் வந்து நின்று, "கிளீனர் பையன் வண்டிக்குள்ள தூங்கிக்கிட்டிருந்தான்" என்று சொல்லிவிட்டு, சேலம் போகும் வேறு லாரியில் ஏறிப் போய்விட்டான். எல்லா டிரைவர்களும் செய்வதுதான். வந்த போலீஸ்காரர் அண்ணனிடம் கேட்டார்.

"வண்டி உங்க கடையில நின்னுச்சா?"

"நான் அந்த வண்டியப் பாக்கவே இல்லீங்க. பையன் கதவு தெறந்து வெளிய வுழுந்திருப்பான். குழிக்குள்ள போயிருப்பான். இனிமே எங்க எடுக்கறது?"

கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னான்.

வெயில் ஏறுவதற்குள் சரக்குக்கு உரியவர் சேலத்திலிருந்து காரில் வந்துவிட்டார். வண்டி நிறைய எவர்சில்வர் பாத்திர மூட்டைகள். பாத்திரம் தண்ணீரில் கெடாது, குழிக்குள் போனால் மட்டும் போச்சு. எங்கள் டியூப் விஷயம் அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. மூட்டைகளை எடுத்துக் கொடுத்தால் அவர் வண்டிகள் அத்தனையும் இனிமேல் எங்கள் கடையில்தான் நிற்கும் என்றார். அண்ணன் அவர் முன்னால் கைகட்டி நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் இறங்கினேன். லாரி இரண்டாவது படியில் கிடந்தது. பின்பாதி பாறைமேல் உட்கார்ந்திருக்க, முன்பாதி விளிம்பைத் தாண்டிக் குழிக்குமேல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. டீசல் வழிந்து தண்ணீரில் வானவில் வானவில்லாகப் போனது. சில மூட்டைகள் கிழிந்து, டம்ளரும் தட்டும் பாறை முழுக்கச் சிதறி மின்னின. ஜிலேபிகளுக்குக் கொண்டாட்டம், ஒவ்வொரு டம்ளருக்குள்ளும் போய்ப் போய் வந்தன. முதல் மூட்டைக்குக் கயிறு கட்டி, மேலே இழுத்தபோது லாரி முனகியது. தண்ணீருக்குள் சத்தம் பல்லில் கேட்கும். பின்னாலிருக்கிற சுமைதான் அந்த வண்டியைப் பிடித்துவைத்திருக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மேலே வந்து சொன்னேன். "மூட்டைய எடுக்க எடுக்க வண்டி குழிக்குள்ள சாயுதுண்ணா. மொதல்ல பையன எடுத்துரலாம்."

"உள்ள பையன் இல்லடா. சொன்னத செய்."

மத்தியானம் பையனின் அப்பா வந்துசேர்ந்தார். மாரண்டஹள்ளிப் பக்கத்துக் குடியானவர். அவர் ஊர் டிரைவர் ஒருவர் தகவல் சொல்லி, பஸ் மாறி மாறி வந்திருந்தார். வெள்ளை வேட்டியில் வழிப்புழுதி, தோளில் ஒரு புது ஜமுக்காளம். பையனைச் சுற்றிக் கொண்டுபோக வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறார். அழவில்லை. தண்ணீரின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, நான் தலையைத் தூக்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்டார்.

"தம்பி, வண்டிக்குள்ள இருக்கானுங்களா, வெளிய வுழுந்துட்டானுங்களா?"

"இன்னும் பாக்கலீங்க."

"பாத்தா சொல்லுங்க சாமி. குழிக்குள்ள போயிட்டா அவங்கம்மாவுக்கு மொகத்தக்கூடக் காட்ட முடியாது."

சரக்குக்காரர் புளியமர நிழலில் நாற்காலி போட்டு, வெளியே வந்த குண்டான்களைத் துடைத்து ஒடுக்கு பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியவரே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, மூட்டை மேல பட்டுரும்" என்றார். பெரியவர் தள்ளி உட்கார்ந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த சொம்பை அந்த ஆள் மண்டையில் போட்டிருப்பேன். போடவில்லை, அடுத்த மூட்டைக்கு இறங்கினேன்.

அந்த முறை மூட்டைப் பக்கம் போகவே இல்லை. லாரியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு முன்பக்கமாக ஊர்ந்தேன். விளிம்புக்கு வெளியே, கீழே ஒன்றுமில்லாத கறுப்புக்குமேல் தொங்கிக்கொண்டு போக வேண்டும். குளிர் எலும்பில் ஏறியது. இடுப்புக் கயிறு போகும் திசையை வைத்தே அண்ணனுக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியும். கதவுக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது காற்று நின்றது. கயிற்றை ஒருமுறை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். வாயில் பைப்பை வைத்து உறிஞ்சினால் பைப்பே நாக்கில் ஒட்டிக்கொண்டது. கல்பையை அறுத்துவிட்டு மேலே உதைத்தேன்.

கரையில் கவிழ்ந்து விழுந்து, தண்ணீரும் பித்தமும் கக்கினேன். அண்ணன் பைப்பைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"பைப்பு மடங்கிக்கிச்சு போல" என்றான்.

மடிப்பு அவன் கைக்குள்ளேயே இருந்தது. அவன் அதை மறைக்கவும் இல்லை. முன்பக்கம் போகாதே என்பதை அவன் அப்படித்தான் சொன்னான். எனக்கு அவன்மேல் அன்றைக்கு வந்த வெறுப்பு இன்னும் இறங்கவில்லை, அவன் செத்தும் இறங்கவில்லை.

பெரியவர் தன் மேல்துண்டால் என் முதுகைத் துடைத்துவிட்டார். "வேண்டாம் தம்பி. நீங்களும் ஒரு வூட்டுப் பையன்தான்" என்றார். அந்த வார்த்தைதான் என்னைத் திரும்ப இறக்கியது. பைப்பைக் கழற்றி எறிந்தேன், கயிற்றை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினேன். கண்ணாடியும் டியூப் வெட்டும் கத்தியும் மட்டும். அண்ணன் எழுந்து என் கையைப் பிடித்தான். அவன் கையைக் கடித்துவிட்டுக் குதித்தேன்.

வெறும் மூச்சில் இரண்டாவது படிக்குப் போய்வருவது எனக்குப் பெரிய காரியமில்லை. டிரைவர் குதித்த பக்கம் பாறையில் இடித்து நசுங்கியிருந்தது. நேராகக் கிளீனர் பக்கக் கதவுக்குப் போனேன். கண்ணாடி பாதி மட்டும் இறக்கியிருந்த கதவு ஜன்னலில் ஒரு கை வெளியே வந்திருந்தது. விரல்களைச் சுற்றி ஜிலேபிகள் மொய்த்தன, என் காலில் கொத்துமே அதே மாதிரி. கெளுத்தி ஒன்று முகத்துப் பக்கமிருந்து விலகிப் போனது. கதவைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கொண்டி உடைந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக, கைப்பிடியிலிருந்து ஜன்னல் சட்டத்துக்கும் அங்கிருந்து வண்டியின் கம்பிக்கும் டியூப் வார் சுற்றியிருந்தது. இரண்டு சுற்று, நுனியைத் திருப்பி உள்ளே விட்டு இறுக்கின முடிச்சு. வெளிப்பக்கம். பையனின் நகங்கள் அந்த வாரைப் பிறாண்டியிருந்தன. ஜன்னல் வழியாகக் கையை விட்டால் எட்டுகிற இடம்தான். எட்டியிருக்கிறது. அவிழவில்லை.

முடிச்சைத் தொடாமல் வாரைப் பக்கத்தில் அறுத்தேன். கதவு தானாகத் திறந்து பையன் என்மேல் சாய்ந்தான். அவன் இடுப்பைப் பிடித்து உதைத்துக் கிளம்பியதுதான், பின்னால் லாரி பாறையைத் தேய்த்துக்கொண்டு இறங்கும் சத்தம் பல்லில் கேட்டது. மிச்ச மூட்டைகளோடு அது குழிக்குள் போய்விட்டது. கறுப்பிலிருந்து குமிழி ரொம்ப நேரம் வந்துகொண்டே இருந்ததாக அப்புறம் சொன்னார்கள்.

சரக்குக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். பெரியவர் பையனை மடியில் போட்டு, முகத்தில் மீன் கொத்திய இடத்தைத் துண்டால் மூடினார். இருபதுகூட ஆகாத முகம். கான்ஸ்டபிள் மேலே டீக்கடையில் இருந்தார், அவரைக் கூப்பிட ஆள் போனது. நான் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வந்திருந்த வாரை அவிழ்த்து, முடிச்சோடு, அண்ணன் காலடியில் எறிந்தேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

"இது யாரு முடிச்சுண்ணா? வண்டியப் பாக்கவே இல்லைன்னியே. வெளிய வர முடியாம கதவக் கட்டிவுட்டது யாரு?"

அன்றைக்கு அவன் அடிபட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெரியவர் எழுந்துவந்து அவன் கழுத்தைப் பிடிப்பார், கூட்டம் கைவைக்கும், போலீஸ் கூட்டிக்கொண்டு போகும். அண்ணன் குனிந்து வாரைப் பார்த்தான். அப்புறம் என்னிடம் பேசவில்லை, பெரியவரைப் பார்த்துப் பேசினான்.

"கட்டுனது நான்தாங்க. உங்க பையன்தான் கட்டச் சொன்னான். கொண்டி போச்சுண்ணே, தூக்கத்துல நான் கதவுமேல சாஞ்சுருவேன், வுழுந்துட்டா என்ன பண்றது, கொண்டி போனா கதவக் கட்டாம ஏறாதன்னு எங்கப்பா சத்தியம் வாங்கியிருக்காரு, நல்லா இறுக்கிக் கட்டுங்கன்னு சொன்னான். நான் என்னங்க பண்ணட்டும்?"

அண்ணன் சொன்ன எத்தனையோ பொய் எனக்குத் தெரியும். இது பொய்யில்லை என்பது பெரியவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவர் கை பையன் நெற்றியில் அப்படியே நின்றது.

"ஆமாங்க" என்றார். "சின்னதுலருந்தே அவன் தூக்கத்துல சாயுவான். மாட்டு வண்டியிலருந்து ஒருக்கா வுழுந்துட்டான். நான்தான் சத்தியம் வாங்குனேன்."

நான் எறிந்தது அண்ணன்மேல் படவே இல்லை. அவன் நிம்மதியாக மூச்சுவிட்டதைப் பார்த்தேன்.

கான்ஸ்டபிள் வந்து, காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு லாரியை நிறுத்தினார். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்த பிறகுதான் ஊருக்கு என்றார். பையனை அந்தப் புது ஜமுக்காளத்தில் சுற்றினோம். கட்டுவதற்குக் கயிறு இல்லை, எங்கள் கயிறுகள் லாரியோடு குழிக்குள் போயிருந்தன. பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கீழே கிடந்த டியூப் வாரை எடுத்தார். தூசியைத் தட்டினார். கட்டப் பார்த்தார், முடிச்சு நழுவியது. அதை அண்ணனிடம் நீட்டினார்.

"நீங்களே கட்டிக் கொடுங்க சாமி. கணவாய் ஏறணும், வண்டி ரொம்ப ஆடும்."

அண்ணன் வாங்கிக்கொண்டான். முடிச்சிருந்த இடத்தில் வேறொரு வாரைச் சேர்த்து நீளமாக்கினான். இரண்டு சுற்று சுற்றி, நுனியைத் திருப்பி உள்ளே விட்டு, காலை வைத்து அழுத்தி இழுத்தான்.

"அவுந்துராதுங்களே?" என்று கேட்டார் பெரியவர்.

"அவுறாதுங்க" என்றான் அண்ணன்.